ஒன்பது விரலில் ஒரு பியானோ

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று ஹாலில் சோபாவைக் காணோம். சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு பியானோ சுவரோடு ஒட்டி நின்றது. வந்திருந்த சொந்தக்காரர்கள் நாற்காலிகளை அதைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, யாரோ பெரிய மனிதரைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். என் மாமியார் காதருகில் குனிந்து, "அது மேல மட்டும் தண்ணி டம்ளர் வச்சிடாதேம்மா. மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை அதுதான்.

பியானோ என் நாத்தனாருடையது. என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியோடும் அம்மாவோடும் இருந்தார். நாத்தனார் இருக்கிற வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று என் பிறந்த வீட்டில் ஆளாளுக்குப் பாடம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பியானோ இருக்கிற வீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அது ஆரம்பித்துவிட்டது. ஒரு சின்ன வரி. அதையே திரும்ப. கொஞ்சம் மெதுவாக இன்னொரு முறை. இடது கை மட்டும். வலது கை மட்டும். இரண்டும் சேர்த்து. பல் தேய்த்துக்கொண்டே என் கணவரிடம் கேட்டேன்.

"இதுக்கு அடுத்த வரி கிடையாதா?"

"இருக்கு. அடுத்த மாசம் வரும்" என்றார் அவர்.

அண்ணிக்கு வேலை ஒரு பல்செட் கூடத்தில். பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் இவர்கள் சுண்ணாம்பு மாவைக் கரைத்து ஊற்றி ஈறு செய்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றி அனுப்ப வேண்டும். நீளமான மேசை, தலைக்கு மேல் வெள்ளை விளக்கு, மூக்கில் ஏறும் ரசாயன நெடி. எந்த வயசுக்கு எவ்வளவு மஞ்சள் பல் வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை மாதிரிப் பற்கள் அவர் மேசையில் தொங்கும். "அக்காவுக்குப் பகல்லயும் பல்லு, வீட்டுக்கு வந்தாலும் கறுப்பும் வெள்ளையுமா பல்லு" என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்வார். அண்ணி ஒவ்வொரு முறையும் சிரிப்பார். பழைய நகைச்சுவைக்கும் மரியாதை கொடுக்கிற சுபாவம்.

அண்ணி படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பியானோ இருந்ததாம். பாட்டு டீச்சர் பிரார்த்தனைக்கு வாசிப்பார். இவர் அருகிலேயே போய் நின்றுகொண்டு, கடைசியில் ஸ்வரம் எழுதிய தாளைப் புரட்டிக் கொடுக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டார். புரட்டினால் எந்த இடத்தில் வாசிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே. அப்படிப் படிக்கப் பழகி, பிறகு விரலும் பழகியது. பள்ளி முடிந்த வருஷமே அப்பா போய்விட்டார். வேலைக்குப் போனார். பல வருஷம் மதிய இடைவேளையில் மேசை விளிம்பில் விரலால் தட்டியதுதான் வாசிப்பு. "சத்தம் வராததால தப்பே வராது. அவ்வளவு நல்லா அதுக்கப்புறம் நான் வாசிச்சதே இல்லை" என்பார்.

பிறகு ஒரு பழைய கிளப் கட்டடத்தை இடிக்கப் போவதாகவும், அங்கே உள்ள சாமான்களை விற்பதாகவும் தெரிந்து, போய்ப் பார்த்து, மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டார். எங்கள் வீடு இரண்டாவது மாடி. படி திரும்புகிற இடத்தில் பியானோ திரும்பவில்லை. பால்கனிக் கதவைக் கழற்றி, மேலே கப்பி கட்டி, கயிற்றில் ஏற்றினார்கள். காலேஜ் படித்துக்கொண்டிருந்த என் கணவர் கயிற்றின் ஒரு முனையில். கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருந்த டெய்லர், தன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதைக்கே போய்விட்டாராம். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "வந்துருச்சா, வந்துருச்சா" என்று கேட்டபடியே சமையலறையில் நின்றார். வந்து சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சோபாவை எங்க போடுறது?" அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அண்ணி வாசித்தது மேல்நாட்டுப் பழைய சங்கீதம். ஒரு கை சொன்னதை இன்னொரு கை கொஞ்சம் தள்ளி நின்று திரும்பச் சொல்லும். அதற்குள் முதல் கை வேறு பேச்சுக்குப் போய்விடும். கேட்கக் கேட்க எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, "அண்ணி, தூங்குறா, மெதுவா" என்று ஒரு நாள் சொன்னேன். அன்று முதல் நடுவில் உள்ள பெடலை மிதித்துச் சத்தத்தைப் பாதியாக்கி வாசிக்கத் தொடங்கினார். பியானோவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கனமான போர்வை வேறு. ஆனால் குழந்தைக்கு அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும் என்று பிறகு தெரிந்தது.

புத்தகத்தில் எழுதியிருப்பது எழுதியபடி. அதுதான் அண்ணியின் கொள்கை. எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று கூடப் போட்டிருக்கும், அதே விரல்தான். வருஷத்துக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க ஒருவர் வருவார். ஒல்லியான மனிதர், எதையும் இரண்டு வார்த்தைக்குள் பேசி முடிப்பவர். அவர் ஒருமுறை கேட்டார்.

"சொந்தமா ஏதும் வாசிக்க மாட்டீங்களா மேடம்?"

அண்ணிக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் போன பிறகு என்னிடம் சொன்னார். "எழுதினவர் ஒரு காரணத்தோடதான் எழுதியிருப்பார். அதுல கை வைக்க நாம யாரும்மா? பல்செட்டுல அளவை விட்டுட்டு என் இஷ்டத்துக்கு ஒரு பல்லு நட்டா போட்டுக்கிறவங்க கதி என்ன?"

எங்கள் பகுதி நூலகத்தின் மாடியில், தொழில்முறை இல்லாமல் ஆசைக்கு வாசிக்கிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஒரு பேங்க் கேஷியர், ஒரு வேதியியல் ஆசிரியை, இன்னும் சிலர். அண்ணி போவார், வாசிப்பார், ஒரு ஸ்வரம் பிசகாது. ஆனால் வாசிக்கும் முன் கை ஜில்லென்று ஆகிவிடும். என் கையைப் பிடித்துச் சூடு ஏற்றிக்கொள்வார். முடிந்ததும் கேஷியர் வந்து, "ரொம்ப சுத்தமா இருந்தது" என்பார். வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு நாள் அண்ணி தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "சுத்தமா இருக்குன்னு ஆஸ்பத்திரியைத்தான் சொல்லுவாங்க, இல்ல?"

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்போது அது நடந்தது. வேலைக் கூடத்தில் ஒரு பல்செட்டைச் சக்கரத்தில் மெருகேற்றிக்கொண்டிருந்தார். பாதி வாய்க்கு வைக்கிற செட்; பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ள அதில் கம்பிக் கொக்கி இருக்கும். கொக்கி சக்கரத்தின் துணியில் மாட்டி, செட்டைக் கையிலிருந்து பிடுங்கி அடித்தது. இடது கை மோதிர விரலின் அடியில் ஆழமாக வெட்டு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி ஆச்சு?"

"பல்செட் கடிச்சிடுச்சு."

"உங்களோடதா, வேற யாரோடதாவதா?"

"இன்னும் யாரும் போட்டுக்கலை" என்றார் அண்ணி. அந்த வலியிலும் சிரித்தார். டாக்டர் வந்து, நரம்பு மாதிரி இருக்கும் ஒரு நாண் அறுந்திருக்கிறது, தைக்க வேண்டும், தைத்தாலும் விரல் முழுக்க மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

தைத்தார்கள். கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகு, விரலை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் வாரம் தவறாமல் போனார். விரல் ஒரு குச்சி மாதிரி நின்றது. பாதிக்கு மேல் மடங்கவில்லை, அழுத்தினால் பலமும் இல்லை. கூடத்தின் முதலாளி நல்ல மாதிரி. சக்கரத்து வேலையிலிருந்து எடுத்து, மெழுகில் பல் நடுகிற வேலையை மட்டும் கொடுத்தார். அதை அண்ணியால் செய்ய முடிந்தது. பியானோவைத்தான் முடியவில்லை.

முதல் தடவை உட்கார்ந்து பார்த்ததை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். பழக்கமான அந்த வரிதான். நன்றாகப் போகும். ஒரு இடம் வரும், அங்கே ஒரு ஸ்வரம் இருக்காது. படியில் இறங்கும்போது ஒரு படி காணாமல் போன மாதிரி. நிறுத்துவார். மறுபடி ஆரம்பிப்பார். அதே இடம், அதே பள்ளம். பிறகு மூடியை இறக்கினார். சத்தம் வராமல், ரொம்ப மெதுவாக.

வீடு காலையில் அமைதியாகிவிட்டது. குக்கர் சத்தமும் குழாய்ச் சத்தமும் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமியார் பியானோவைத் தினமும் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே துடைத்தார். என் கணவர் பல்லு நகைச்சுவையை நிறுத்திவிட்டார். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அண்ணி வேலைக்குப் போனார், வந்தார், என்னோடு காய் நறுக்கினார், டிவி பார்த்தார். எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் விரல் தட்டுவது கூட நின்றுபோயிருந்தது.

அப்படி இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, சுருதி சேர்ப்பவர் பையோடு வந்து நின்றார். வழக்கமாக வரும் மாதம் அது. வர வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"இப்ப வாசிக்கிறது இல்லைங்க" என்றார் அண்ணி, கையைக் காட்டி.

அவர் விரலைப் பார்த்தார். "வாசிக்கலைன்னாலும் சுருதி இறங்கும் மேடம்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்.

வழக்கம்போல மேல் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, ஒவ்வொரு கம்பியாக முறுக்கினார். முடித்துவிட்டு, எப்போதும் தானே வாசித்துப் பார்ப்பவர், அன்று எழுந்து நின்றுகொண்டார்.

"நடுவுல சில கட்டை ஒரு மாதிரி கேக்குது. எனக்கு மட்டும்தானான்னு தெரியல. பாருங்க."

அண்ணி உட்கார்ந்தார். ஒரு கட்டையை அழுத்தி, அது அடங்கும்வரை கேட்டார். பக்கத்தில் ஒன்று. பிறகு இரண்டையும் சேர்த்து. கீழே போய் ஒரு கனமான ஸ்வரம், அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மூன்று. வாசிக்கிற நோக்கம் இல்லை, கட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். புத்தகம் இல்லாததால் எந்த இடத்திலும் எந்த விரலும் வந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. மோதிர விரலை விட்டுவிட்டு மற்றவை எட்டுகிற இடத்துக்குப் போயின. எட்டாத இடத்துக்குப் போகவில்லை. மேலே கேட்ட மூன்று ஸ்வரம் கீழே திரும்ப வந்தது. கொஞ்சம் மாறி வந்தது. அண்ணி தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதை உன்னிப்பாகக் கேட்பவர் போல, அதற்குப் பதில் ஒன்று வாசித்தார்.

நான் கையில் கரண்டியோடு சமையலறை வாசற்படியில் நின்றேன். சுருதி சேர்ப்பவர் சாமான்களைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு, செருப்பு மாட்டுகிற ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை மாமியார் கூடக் கவனிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி கையை எடுத்ததும் அவர் எழுந்தார். "கட்டை சரியாத்தான் இருக்கு" என்றார். போய்விட்டார்.

அன்று முதல் காலையில் பியானோ திரும்ப வந்தது. ஆனால் அந்தப் பழைய வரிகள் இல்லை. எங்கே போகும் என்று தெரியாத வாசிப்பு. சில நாள் தட்டுத்தடுமாறி ஒன்றுமில்லாமல் முடியும். அண்ணியே, "இன்னைக்குச் சோறு வேகலை" என்று எழுந்து போய்விடுவார். சில நாள் எங்கள் எல்லாரையும் அப்படியே நிறுத்திவைக்கும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கீழ்த்தள டெய்லர், கழுத்தில் டேப்போடு, படியேறி வந்தார். அவர் எப்போதாவது வந்தால் அது புகாருக்காகத்தான் இருக்கும். முன்பு ஒருமுறை, "நீங்க வேகமா வாசிச்சா என் கால் தானா வேகமா மிதிக்குது, தையல் கோணுது" என்று வந்து சொன்னவர். அதனால் நான் முந்திக்கொண்டேன்.

"சத்தம் அதிகமா இருக்காண்ணா?"

"அதில்லம்மா. பியானோம்மாவைப் பாக்கணும்." அவர் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார். அண்ணி வந்ததும் கேட்டார். "செவ்வாய்க்கிழமை காலைல ஒண்ணு வாசிச்சீங்களே, அது என்ன பாட்டு?"

"அது பாட்டு இல்லைங்க. சும்மா வாசிச்சது."

"சரி, அந்தச் சும்மாவை இன்னொரு தடவை வாசிங்க."

அண்ணி பியானோவைத் திரும்பிப் பார்த்தார். "அது வராதுங்க. எனக்கே ஞாபகம் இல்லை."

"எனக்கு இருக்கு" என்றார் டெய்லர். அவருக்குக் குரல் கிடையாது. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, இழுத்து இழுத்து ஒரு வளைவைப் பாடிக் காட்டினார். ஏறி, ஒரு இடத்தில் தயங்கி, வேறு வழியாக இறங்குகிற ஒரு சின்ன வளைவு. அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடமிருந்து போன ஒன்று இன்னொருவர் வாயிலிருந்து வருவதை அவர் அதுவரை கேட்டதில்லை. உட்கார்ந்து, அந்த வளைவைப் பிடித்து, அதன் கீழே இடது கையை வைத்து, அதை வேறு எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனார்.

முடிந்ததும் டெய்லர் யோசித்தார். "இது அது இல்லை" என்றார். பிறகு, "ஆனா இதுவும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எது வேணும் உங்களுக்கு?"

"எது வந்தாலும் சரி. ஜன்னலை மட்டும் சாத்தாதீங்க."

நூலகக் கூட்டத்துக்கு மறுபடி போக அண்ணி ரொம்பத் தயங்கினார். புத்தகம் இல்லாமல் போய் உட்கார்வது, துணி இல்லாமல் போகிற மாதிரி இருக்கிறதாம். என் கணவர்தான், "அக்கா, நீ தப்பா வாசிச்சா கண்டுபிடிக்க அங்க யாருக்கும் வழியே இல்லை. இதைவிடப் பாதுகாப்பு என்ன வேணும்?" என்றார். அந்த வாதம் எடுபட்டது.

அன்று மாமியாரும் வந்தார். டெய்லர் தானே தைத்த புதுச் சட்டையில், இஸ்திரி மடிப்புக் கலையாமல், கடைசி வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அண்ணி என் கையைத் தேடி வரவில்லை. நானாகப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

மூன்று ஸ்வரத்தில் ஆரம்பித்தார். அதைத் திருப்பிப் போட்டார், நீட்டினார், உடைத்தார். நடுவில் ஒரு இடத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. தோள் லேசாக உயர்ந்தது. கைகளைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே ஒரு வண்டி போகிற சத்தம் தேய்ந்து மறைந்தது. பழைய அண்ணியாக இருந்தால் அங்கேயே எழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பார். இந்த அண்ணி, வந்த வண்டிக்கு வழிவிட்டு நிற்பவர் போலக் காத்திருந்துவிட்டு, ரொம்பக் கீழே ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்தார். அங்கிருந்து வழி கிடைத்தது. முடியும்போது முகத்தில் வியர்வையும் சிரிப்பும் சேர்ந்து இருந்தன.

கேஷியர் வந்தார். அன்று "சுத்தமா" என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

"யார் எழுதினது இது?"

"யாரும் எழுதலைங்க."

"அடுத்த மாசமும் இதையே வாசிப்பீங்களா?"

"இதே வராது. வேற ஏதாவது வரும்."

மாமியார் எழுந்து வந்து மகளின் தலையைக் கலைத்துவிட்டார். "நடுவுல நிறுத்தினியேடி, மறந்துட்டியா?" என்றார்.

"தொலைஞ்சிட்டேம்மா."

"அதான் பாத்தேன். எனக்கு அந்த இடம்தான் பிடிச்சிருந்தது."

விரல் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. முழுதாக இல்லை, முக்கால்வாசி. அண்ணி பழைய புத்தகங்களையும் எடுத்தார். பள்ளம் விழுந்த இடத்துக்கு வேறு விரலை அனுப்பக் கற்றுக்கொண்டார். புத்தகத்தில் போட்டிருந்த விரல் எண்ணை அடித்துவிட்டுத் தன் எண்ணைப் பென்சிலால் எழுதினதை நான் பார்த்தேன். முன்பு அந்தத் தாளில் ஈ உட்கார்ந்தால் கூட விட மாட்டார். "இதை எழுதினவரும் ஒரு நாள் காலைல உக்காந்து, எங்க போறதுன்னு தெரியாமத்தான் தேடியிருப்பாரு. கிடைச்சதும் எழுதி வச்சுக்கிட்டாரு, அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பழைய பாடங்களும் எனக்கு வேறு மாதிரிக் கேட்டன. அல்லது அவர் வேறு மாதிரி வாசித்தாரோ என்னவோ. காலையில் புத்தகம், வேலை முடிந்து வந்தால் சொந்தச் சரக்கு என்று ஒரு வழக்கம் அமைந்துவிட்டது.

நடுவில் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து வாசிக்க முடியுமா என்று. வாரக் கடைசியில் போய் வந்தார். இரண்டாவது வாரத்தோடு நின்றுவிட்டார். "தெரிஞ்ச பாட்டா வாசிங்க, சீக்கிரம் முடியற மாதிரி வாசிங்கன்னு சொல்றாங்க. அவங்க மெல்லுறதுக்கும் நான்தான் பல்லு செஞ்சு தரணும், மெல்லும்போது கேக்குறதுக்கும் நான்தான் வாசிக்கணுமா?" என்றார். வருத்தமெல்லாம் இல்லை. அன்று நல்ல பசியோடு வீட்டில் சாப்பிட்டார்.

இப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மாமியாருக்குக் காது மந்தமாகிவிட்டது. பியானோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதன் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிடிக்காத இடம் வந்தால் கையை எடுத்துவிடுவார். அண்ணி ஓரக்கண்ணால் பார்த்து, கை திரும்ப வரும்வரை வழியை மாற்றிக்கொண்டே இருப்பார். தாயும் மகளும் இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பியானோவிலிருந்து இதுவரை கேட்காத ஒன்று வந்தது. வலது கை ஓரிடத்தில் அசையாமல் நிற்க, இடது கை அதைச் சுற்றி எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"புதுசா இருக்கே அண்ணி. எங்க போகுது இது?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா" என்றார், திரும்பாமலே. "இரு, போய்ப் பாத்துட்டு வரேன்."